காப்பகத்து விலங்குகளுக்கு அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்? உண்மையில் உதவுவது எது?

தும்பை:
வணக்கம் நண்பர்களே. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு விலங்குக் காப்பகம் இருக்கிறது, பெரும்பாலும் நாய்களும் பூனைகளும்தான். நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம், பேச்சு அங்கேயே நிற்கிறது. பணம் வசூலித்துக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் திரண்டு போய் நாய்களோடு விளையாடிவிட்டு வரலாம் என்பது இன்னொரு யோசனை. தத்தெடுத்தால்தான் உதவி, மற்றதெல்லாம் கண்துடைப்பு என்று ஒரு அண்ணன் அடித்துச் சொல்கிறார். காப்பகங்களில் வேலை பார்த்தவர்கள், தன்னார்வலராகப் போகிறவர்கள் சொல்லுங்கள்: எது உண்மையில் உதவி, எது அவர்களுக்குக் கூடுதல் சுமை? எங்களில் வயதானவர்களும் உண்டு, சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் ஏற்ற வேலை இருந்தால் நல்லது.

வெள்ளைக்காக்கை:
முதல் வேலை, காப்பகத்துக்குப் போன் செய்து "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்" என்று கேட்பதுதான். முடிந்தால் கூண்டு கழுவுகிறவரிடமும் கேளுங்கள், நிர்வாகிக்குத் தெரியாத பல பற்றாக்குறைகள் அவருக்குத்தான் தெரியும்.

நான் நீண்ட காலமாகத் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே நாள் முழுக்க நாயைக் கொஞ்சுவதுதான் வேலை என்று தோன்றும். காலையில் கதவைத் திறந்தால் கழிவை அள்ளுவது, கூண்டு கழுவுவது, தண்ணீர்க் கிண்ணங்களைத் தேய்ப்பது, சாப்பாடு வைப்பது, மருந்து கொடுப்பது, அப்புறம் துணி துவைப்பது. துணி என்றால் மலை மலையாக. குட்டிகள் இருக்கும் கூண்டில் இப்போது விரித்த விரிப்பு அடுத்த அரை மணியில் ஈரமாகிவிடும், மழைக்காலம் வந்தால் துவைத்தது காயவும் காயாது. இத்தனையும் முடிந்து நேரம் மிஞ்சினால்தான் நடைக்குக் கூட்டிப்போவது. அதனால்தான் பல நாய்களுக்கு நடையே கிடைப்பதில்லை, பணியாளர்களுக்கு மனம் இல்லாமல் அல்ல. உங்கள் குடியிருப்பில் நாலு வீட்டுக்காரர்கள் முறைவைத்து ஒரு மூட்டைத் துணியைத் துவைத்து உலர்த்தி மடித்துக் கொடுத்தால், அந்த நேரம் அப்படியே நாய்களுக்குப் போகும். யாரும் படம் எடுத்துப் போடுகிற வேலை இல்லை. ஆனால் நான் பார்த்தவரை இதைவிடப் பெரிய உதவி குறைவு.

பழைய துண்டுகள், படுக்கை விரிப்புகள், செய்தித்தாள்கள் எப்போதும் தேவை. தலையணையும் பஞ்சு அடைத்த மெத்தையும் வேண்டாம். நாய் அதைக் கிழித்து விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். துண்டின் ஓரம் நூல் பிரிந்திருந்தால் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு, நூல் அதில் மாட்டினால் துப்ப முடியாமல் உள்ளேதான் இழுத்துக்கொண்டு போகும்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். திரண்டு போகும் யோசனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

பார்வோ என்று ஒரு வைரஸ், நாய்க்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுவிடும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் அது அசையாது. வீட்டு உபயோக ப்ளீச்சை 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் என்ற அளவில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் சாகும், அதுவும் கழிவையெல்லாம் முதலில் கழுவித் தள்ளிய பிறகு ஊற்றினால்தான், அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச்சுக்கு வேகம் இருக்காது. இப்போது யோசித்துப் பாருங்கள். இருபது பேர் வருகிறார்கள், ஆளுக்கொரு குட்டியைத் தூக்குகிறார்கள், கை மாற்றுகிறார்கள், அதே செருப்போடு அடுத்த அறைக்குப் போகிறார்கள். தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு ஆபத்து இப்படித்தான் வருகிறது. குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளிகளில் போட வேண்டும். அதுவரை அவற்றுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

அடுத்தது சத்தம். நாய்க் கூடங்களில் எல்லாம் சேர்ந்து குரைத்தால் 100 டெசிபலைத் தாண்டிவிடும். கூட்டம் நுழைந்ததும் ஒன்று ஆரம்பிக்கும், மற்றவை தொடரும். ஏற்கெனவே பயந்த நாய் கூண்டின் கடைசி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்ளும். வந்தவர்கள் முன்னால் ஓடி வரும் நாயைக் கொஞ்சிவிட்டுப் போவார்கள், மூலையில் நின்றது நின்றபடியே இருக்கும். ஒரே நாளில் இருபது பேர் வருவதற்குப் பதில், நாளுக்கு இரண்டு பேராக வாருங்கள்.

முற்றம்:
நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஆட்களை உள்ளே விடாமல் துணி துவைத்துக் கொடு, பணம் கொடு என்று மட்டும் சொன்னால் மக்களுக்கு அந்த விலங்குகள் மேல் எப்படி ஒட்டுதல் வரும்? நேரில் பார்த்துக் கண்ணோடு கண் பார்த்ததால்தானே பலரும் தத்தெடுக்கிறார்கள். என் பிள்ளைகள் நாயைப் பார்த்தால் அலறுவார்கள், காப்பகத்துக்கு அடிக்கடி கூட்டிப் போய்த்தான் அந்தப் பயம் தெளிந்தது. குழந்தைகளை ஒதுக்காதீர்கள்.

வெள்ளைக்காக்கை:
ஒதுக்கச் சொல்லவில்லை. சின்னக் குழுவாக, காப்பகத்தில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வரட்டும் என்கிறோம். கூண்டுக்கு வெளியே பக்கவாட்டில் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக் காட்டும் வேலை குழந்தைகளுக்கு அருமையாகப் பொருந்தும். சில நாடுகளில் காப்பகங்களே இதை நடத்துகின்றன. நாய்க்கு எதிரே நின்று முகத்தையே பார்த்தால் அது மிரட்டல், திரும்பி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் நாய் தானாகவே கம்பியருகே வரும். பிள்ளையும் வாசிக்கப் பழகும்.

பூனைகளுக்கு வேறு முறை. கண்ணைப் பாதி மூடி மெதுவாக இமைத்துக் காட்டுங்கள். பூனையும் அப்படியே இமைக்கும், அந்நியராக இருந்தாலும் கிட்டே வர ஒப்பும் என்று 2020இல் ஓர் ஆய்வே வந்தது. எங்கள் காப்பகத்தில் வந்த நாள் முதல் யாரையும் தொடவிடாத ஒரு சாம்பல் பூனையிடம் ஒரு பாட்டி தினமும் இப்படித்தான் உட்கார்ந்துகொண்டிருப்பார், பேசக்கூட மாட்டார். இப்போது அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அது எழுந்து வருகிறது.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கட்டிப்பிடிப்பது மனிதப் பழக்கம், பல நாய்களுக்குப் பிடிக்காது. நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விட்டால், வாலை இடுக்கிக்கொண்டால், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்த்தால் "போதும், விலகு" என்று பொருள். அதைப் பார்த்ததும் பிள்ளையை விலக்குகிற பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பூனைக்காரி:
வயதானவர்களும் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களும் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்களே. வீட்டிலேயே தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்வது, ஃபாஸ்டர் என்கிறோமே, அதுதான். காப்பகங்கள் மிகவும் ஏங்குவது இதற்குத்தான். தாயில்லாத பூனைக்குட்டிகள் ஒரேயடியாக வந்து குவியும் காலம் ஒன்று உண்டு. நாலு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் தேவை, ராத்திரியும்தான். எந்தக் காப்பகத்தில் ராத்திரி முழுக்க ஆள் இருப்பார்கள்? அதனால்தான் குட்டிகள் பிழைப்பதில்லை.

செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து கற்றுக்கொண்டு செய்யுங்கள். பசும்பால் கூடாது, வயிற்றுப்போக்கில் நீர் வற்றிச் செத்துவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்மாவு இருக்கிறது. குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் பால், சில்லிட்ட வயிறு பாலைச் செரிக்காது. மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும், தாய்மடியில் குடிப்பதுபோல் குப்புறத்தான் இருக்க வேண்டும். பால் குடித்த பின் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும், அந்த வயதில் தானாகச் சிறுநீர்கூடப் போகத் தெரியாது.

ராத்திரி கண்விழிக்க முடியாதவர்களுக்குப் பால்குடி மறந்த குட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். பூனைக்குட்டி மனிதரோடு பழகும் பருவம் 2 முதல் 7 வாரம் வரை, நாய்க்குட்டிக்கு 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை. அந்தப் பருவத்தை ஒரு வீட்டில் மிக்சி சத்தம், கதவு மணி, மனிதர் மடி எல்லாம் பழகிக் கழித்த குட்டியைத் தத்துக் கொடுப்பது எளிது. கூண்டில் கழித்தால் வளர்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் பயப்படும். வீட்டிலுள்ள பூனைகளோடு உடனே சேர்க்காதீர்கள், தனி அறையில் வையுங்கள், தடுப்பூசி நிலவரம் தெரிகிறவரை.

அப்புறம் அட்டைப்பெட்டி! காப்பகத்துக்குப் புதிதாக வரும் பூனைக்கு ஒளிய இடம் கொடுத்தால் முதல் சில நாட்களின் பதற்றம் கணிசமாகக் குறைகிறது, 2014இல் நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது. நாம் தூக்கிப் போடும் பெட்டிதான். பின்னூசியும் டேப்பும் நீக்கிவிட்டு, பூனை நுழைய ஒரு பக்கம் வெட்டிக் கொடுங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து செய்யலாம்.

தும்பை:
நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஒரு சந்தேகம். நாயை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொண்டு திருப்பி விடும் ஏற்பாடும் அந்தக் காப்பகத்தில் இருக்கிறதாம். எங்கள் குழுவில் ஒரு அக்கா, அது கொடுமை என்கிறார். வீட்டுச் சுகத்தைக் காட்டிவிட்டு மறுபடி கூண்டில் தள்ளினால் மனசு உடைந்துபோகாதா என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஊசிமருந்து:
அந்த அக்காவின் கேள்வியையே ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 5 காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளுக்கு அனுப்பி, போவதற்கு முன்னும் வீட்டிலும் திரும்பிய பின்னும் சிறுநீரில் கார்ட்டிசால் அளந்தார்கள், மன அழுத்தம் கூடினால் அந்த ஹார்மோனும் கூடும். 2019இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தபோது அளவு குறைந்தது. திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. அக்கா பயப்படுவதுபோல் இருந்தால் ஏறியிருக்க வேண்டும். இன்னொன்று, இடையில் எழாமல் நீளமாகத் தூங்கியதும் வீட்டில் இருந்த நாட்களில்தான். குரைப்புச் சத்தத்துக்கு நடுவே மாதக்கணக்கில் கிடக்கும் நாய்க்கு இரண்டு ராத்திரி நல்ல தூக்கம் என்பது சின்ன விஷயமில்லை.

வெள்ளைக்காக்கை:
இதில் இன்னொரு லாபமும் உண்டு. கூண்டில் எகிறிக் குதித்துக் குரைக்கும் நாய் வீட்டில் எப்படி இருக்கும் என்று எங்களுக்கே தெரியாது. இரண்டு நாள் வைத்திருந்தவர் வந்து "படி ஏறத் தயங்குகிறது, ராத்திரி சத்தமே இல்லை, பூனையைப் பார்த்தால் ஒதுங்குகிறது, காரில் வாந்தி எடுக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால், தத்தெடுக்க வருகிறவரிடம் தைரியமாகச் சொல்ல முடிகிறது. முரடு என்று பெயர் வாங்கிய ஒரு பழுப்பு நாய் ஒரு வீட்டுக்குப் போன அன்றே சோபாவுக்கு அடியில் தலையை வைத்துத் தூங்கியது என்று எழுதி வந்தது, அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் ஒரு குடும்பம் அதைக் கேட்டு வந்தார்கள்.

ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் பொறுப்பில் முதலாவது. பயந்த நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டை, ஹார்னஸ் என்பார்கள், அது ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. கதவைத் திறக்குமுன் கயிறு கையில் இருக்க வேண்டும்.

நிழற்படம்:
கேமரா உள்ளவர்களுக்கு. கூண்டுக் கம்பி வழியாக மேலிருந்து எடுத்த மங்கலான படம்தான் பல காப்பகப் பக்கங்களில் இருக்கிறது. நாயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நீங்கள் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், மிரளும், கண்ணும் பச்சையாக எரியும். கறுப்பு நாய்க்கு நிழலில் வரும் பகல் வெளிச்சம் நல்லது, வெளிர் பின்னணி வையுங்கள், இல்லாவிட்டால் முகமே தெரியாது. கூடவே ஒரு சின்ன வீடியோ, அது நடப்பதும் திரும்பிப் பார்ப்பதும் இருந்தால் போதும்.

எழுதுகிறவர்கள் "பாவம், அநாதை, இன்றே எடுக்காவிட்டால்" என்று அழவைக்காதீர்கள். இரக்கத்தில் அவசரமாக எடுக்கிறவர்கள் அவசரமாகத் திருப்பியும் விடுகிறார்கள். என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், எந்த மாதிரி வீடு வேண்டும், அதை நேராக எழுதுங்கள். மருந்து சாப்பிடும் நாய் என்றால் அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்புத்தகம்:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு காப்பகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய தொகையைவிட மாதா மாதம் தவறாமல் வரும் சிறு தொகை மேல். சம்பளம், தண்ணீர், மின்சாரம், மருத்துவமனை பாக்கி எல்லாம் மாதா மாதம்தான் வருகின்றன. அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் இன்னொரு விலங்கை உள்ளே எடுக்கத் துணிவார்கள். அப்புறம் "நாய்களுக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும், சம்பளத்துக்குக் கூடாது" என்று நிபந்தனை போடாதீர்கள். கூண்டு கழுவுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பதும் நாய்க்குச் செலவழிப்பதுதான். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், ஒளிவுமறைவில்லாத காப்பகம் காட்டும்.

தீனி வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் அங்கே எது போடுகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு, அந்தக் கூண்டைக் கழுவுகிறவருக்குத்தான் தண்டனை. வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவருவதை விட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எல்லாம் நாய்க்கு நஞ்சு. சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

கைத்தொழில் தெரிந்தவர்களே, வாருங்கள். ஒழுகும் குழாய், ஆடும் கதவுத் தாழ்ப்பாள், எரியாத விளக்கு, இதையெல்லாம் சரிபார்க்க ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும். வண்டி உள்ளவர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரலாம். தையல் தெரிந்தவர் பழைய விரிப்பை மடித்துத் தைத்துக் கூண்டு அளவுக்கு விரிப்பாக்கலாம்.

முற்றம்:
காப்பகத்துக்குள் என்ன செய்வது என்றே எல்லாரும் பேசுகிறோம், வாசலுக்கு வெளியே என்ன செய்வது? விலங்குகள் ஏன் அங்கே வருகின்றன என்று பாருங்கள். வளர்த்தவர் ஆஸ்பத்திரியில், வீடு மாறியதில் இடமில்லை, வேலை போய்விட்டது, குட்டி போட்டுவிட்டது. இவர்களில் பாதிப்பேருக்கு நாலு வாரம் யாராவது தோள் கொடுத்திருந்தால் அந்த நாய் தன் வீட்டிலேயே இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அறுவை சிகிச்சைக்குப் போகிறாரா, அவர் பூனையை நாம் பார்த்துக்கொள்ளலாம். கூண்டு ஒன்று காலி செய்வதும் கூண்டு ஒன்று தேவைப்படாமல் செய்வதும் ஒன்றுதானே. ஒரு குடியிருப்பு இதை மட்டும் செய்தால்கூட நான் கும்பிடுவேன்.

ராத்திரியில் பெட்டியில் குட்டிகளை வைத்துக் காப்பக வாசலில் விட்டுப் போகிறவர்களைத் திட்டுவதைவிட, "விடுமுன் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு எண்ணை நம் குடியிருப்பில் ஒட்டி வைப்பது பயன் தரும்.

ஊசிமருந்து:
முற்றம் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். கருத்தடைதான் இதில் ஆணிவேர். பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகலாம். "ஒரு முறை குட்டி போடட்டும், அப்புறம் செய்யலாம்" என்பது உடம்புக்கு எந்த நன்மையும் தராத பேச்சு. கருத்தடைக்குப் பணமில்லாத அக்கம்பக்கத்தாருக்கு உங்கள் குழு உதவினால், அடுத்த வருடம் காப்பகத்தில் எத்தனையோ குட்டிகள் வந்து சேராது.

மைக்ரோசிப்பும் போடச் சொல்லுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அரிசிமணி அளவுச் சிப், 15 இலக்க எண் மட்டும்தான் அதில் இருக்கும். பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. யாராவது கண்டெடுத்துக் கொண்டுவந்து கருவியால் படித்தால்தான் எண் வரும், பதிவேட்டில் உங்கள் போன் எண் பழையதாக இருந்தால் அதுவும் வீண். வீடு மாறினால் உடனே பதிவை மாற்றுங்கள். கழுத்துப்பட்டையில் போன் எண் எழுதிய தகடு தனியாக இருக்கட்டும், பக்கத்துத் தெருவில் கண்டெடுக்கிறவருக்குக் கருவி தேவைப்படாது.

காப்பகத்தில் கை வைத்து வேலை செய்யப் போகிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். சின்னக் கீறல்தானே, நாய்க்குக் கெட்ட பெயர் வரும் என்று மறைக்கவே கூடாது. உங்கள் உயிர் பிரச்சினை.

தும்பை:
நேற்று சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து இந்த இழையை வாசித்தோம். திரண்டு போவது ரத்து. துணி துவைக்க ஐந்து வீடுகள் முறை போட்டுவிட்டார்கள். குழந்தைகள் பெட்டி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டு பெரியவர்கள் வயதான பூனை ஒன்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். கொடுமை என்ற அக்கா இன்னும் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் நாயைக் கூட்டி வந்தால் தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். தத்துதான் உதவி என்ற அண்ணன் தானே ஒன்றை எடுக்கப்போகிறார். அவருக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?

வெள்ளைக்காக்கை:
முதல் சில நாட்கள் நாய் சாப்பிடாமல், ஒளிந்துகொண்டு, அல்லது வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துக்கொண்டு இருக்கலாம் என்று முன்பே சொல்லுங்கள். நாங்கள் வழக்கமாகச் சொல்வது: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், தன் வீடு என்று உணர மூன்று மாதம். கறாரான கணக்கு இல்லை, ஆனால் நாலாவது நாளே "இது நமக்குச் சரிப்படாது" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைத் தடுக்க இது உதவுகிறது. முதல் வாரம் விருந்தினர் யாரையும் கூப்பிட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், சந்தைக்கோ கூட்டத்துக்கோ கூட்டிப் போக வேண்டாம். படுக்க ஒரு மூலை, அங்கே யாரும் தொந்தரவு செய்யக் கூடாது.

உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அவருக்கு ராத்திரியானாலும் போன் எடுக்கிற ஆளாக இருங்கள். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் காப்பகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், வேறு கை மாற்றக் கூடாது, அதற்காக யாரும் அவரைக் குத்திப் பேசவும் கூடாது. துணி மூட்டையை எந்த நாளில் எடுக்க வருவீர்கள் என்று காப்பகத்துக்குச் சொல்லிவிட்டீர்களா? நாளைக் குறித்துக் கொடுங்கள், வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதை நம்பித்தான் கையிருப்பு விரிப்புகளை எடுத்து விரிப்பார்கள்.